உடற்பருமன் உடையோர்க்கு அவசர சிகிச்சை: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் கருத வேண்டுவன

பாலக்காடு, இடுக்கி ஆகிய இரண்டும் கேரள மாநிலத்தின் கிழக்கு எல்லையில் அமைந்த மாவட்டங்கள். அவை ஒன்றையொன்று தொட்டு நிற்பன அல்ல. இடையில் திருச்சூர், எறணாகுளம் மாவட்டங்கள் உள்ளன. எனினும், நோயுற்றவரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கும் தொல்லையில் இவ்விரண்டும் உடன்பிறப்புகள் எனலாம். இரண்டிலும் தமிழ்நாட்டின் எல்லை அருகிலும், தம் மாநிலத்துப் பெரிய மருத்துவமனை தொலைவிலும் இருக்கக் காண்கிறோம். மூணாற்றிலிருந்து கொச்சி ஏறத்தாழ 130 கிலோமீட்டர். போடிமெட்டு வழியே இறங்கினால் தேனி ஏறத்தாழ 85 கிலோமீட்டர். குமுளியிலிருந்து கம்பத்திற்குள்ள தூரம் இருபது கிலோமீட்டரைச் சற்றே கடக்கும். அட்டப்பாடியின் கீழ்ப்பகுதியினர் ஆனைகட்டி வழியே கோயம்புத்தூரை நாடுவதும் இக்காரணம் பற்றியே. பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த பறம்பிக்குளத்து மக்களோ, தம் மாவட்டத் தலைநகருக்குச் செல்வதற்கும் தமிழ்நாட்டுச் சாலையைத்தான் நம்பியிருக்கின்றனர். டாப்ஸ்லிப், சேத்துமடை வழியே இறங்கிச் சுற்றி வர வேண்டும். இடுக்கி மாவட்டத்தில் இருப்புப்பாதை என்பதே இல்லை.

இத்தகைய நிலப்பகுதியில் நூறு கிலோகிராமும் அதற்கு மேலும் எடையுள்ள ஒருவருக்கு மாரடைப்போ, மூச்சுத் திணறலோ, பாம்புக் கடியோ நேர்ந்தால் செய்ய வேண்டுவன யாவை என்பதே இக்கட்டுரையின் பொருள். மருத்துவமனைக்குள் நிகழும் சிகிச்சை மருத்துவர்களுக்குரியது. அதற்கு முந்திய இரண்டு மூன்று மணி நேரம் களப்பணியாளர், ஆசா ஊழியர், ஆம்புலன்ஸ் பணியாளர், ஆசிரியர் ஆகியோர் கையில் இருக்கிறது.

மலைநாட்டில் பருமன் எங்கிருந்து வந்தது என்று வினவுவோர் உண்டு. அட்டப்பாடியின் பெயரைக் கேட்டதும் ஊட்டக்குறைவும் 2013 ஆம் ஆண்டின் குழந்தை மரணங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன, அது நியாயமே. ஆனால் ஊட்டக்குறைவும் பருமனும் ஒரே ஊரில், ஏன், ஒரே வீட்டில்கூடச் சேர்ந்து குடியிருக்கக் கூடியவை. 2019-21 இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, கேரளத்துப் பெண்களில் 38.1 சதவீதத்தினரும் ஆண்களில் 36.4 சதவீதத்தினரும் மிகை எடை அல்லது பருமன் உடையோர். தமிழ்நாட்டில் இவ்வெண்கள் முறையே 40.4, 37.0. இந்தியா முழுமைக்கும் பெண்களில் 24.0 சதவீதம்தான். ஆகவே, எல்லையின் இருபுறமும் உள்ள மாநிலங்கள் நாட்டின் சராசரியை வெகுவாகக் கடந்து நிற்கின்றன.

பருமனை அளப்பதற்குக் கிலோகிராம் கணக்கிலான எடையை, மீட்டர் கணக்கிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது வழக்கம். மேலே கண்ட கணக்கெடுப்பு இவ்வெண் 25-ஐத் தொட்டவர்களை மிகை எடையினராகக் கொண்டது. நம் நாட்டினர்க்கு இளைத்த உடலிலும் வயிற்றில் கொழுப்புச் சேரும் இயல்பு உண்டாதலால், இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009 இல் 23-ஐ மிகை எடையின் தொடக்கமாகவும், 25-ஐப் பருமனின் தொடக்கமாகவும் கொள்ளுமாறு பரிந்துரைத்தனர். 160 செண்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு 64 கிலோகிராமில் இவ்வெண் 25 ஆகும். 102 கிலோகிராமில் ஏறக்குறைய 40 ஆகும். கீழே சொல்லப்படும் இடர்ப்பாடுகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் நிலையை ஒட்டியவை.

இவ்விடர்ப்பாடுகளில் ஒரு பகுதி உடலின் இயல்பால் வருவது. மற்றொரு பகுதி நம் கருவிகளாலும் பழக்கங்களாலும் வருவது. கைப்பட்டை, ஊசி, ஸ்ட்ரெச்சர், டோலி, நோயாளியை மல்லாத்திப் போடும் வழக்கம் ஆகிய யாவும் இளைத்த உடலை மனத்தில் வைத்து அமைந்தவை. இப்பகுதியைத் திருத்துவதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை.

மூச்சும் கிடக்கையும்

பருத்த உடலினர் ஒருவர் மல்லாந்து படுத்தவுடன் வயிற்றின் பாரம் உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. மார்பின்மீது படிந்துள்ள கொழுப்பு விலா எலும்புகள் விரிவதைத் தடுக்கிறது. மூச்சை வெளிவிட்டபின் நுரையீரலில் எஞ்சி நிற்கும் காற்றே நம் சேமிப்பு. அச்சேமிப்பு இவர்களுக்கு மிகவும் சுருங்கிவிடுகிறது. மயக்க மருந்து கொடுக்குமுன் நிறையப் பிராணவாயு செலுத்தி, பின்பு மூச்சு நின்ற நிலையில் இரத்தத்தின் பிராணவாயு நிறைவு 90 சதவீதத்திற்கு இறங்க எவ்வளவு நேரமாகிறது என்பதை அளந்த ஆய்வு ஒன்று 1991 இல் வெளியாயிற்று. சாதாரண எடையினர்க்கு ஏறத்தாழ ஆறு நிமிடம் ஆயிற்று. மிகப் பருத்தவர்க்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. முன்கூட்டிப் பிராணவாயு பெறாத ஒருவர்க்கு அந்த அவகாசமும் கிடையாது.

மூணாறு கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அழுத்தம் சமவெளியைக் காட்டிலும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. திடமான உடலினர் இதை உணர்வதில்லை. மூச்சுச் சேமிப்பு இல்லாத நோயாளிக்கு இக்குறைவும் ஒரு சுமையே.

ஆகவே முதல் விதி: பருத்த உடலினரைத் தட்டையாகப் படுக்க வைக்கலாகாது. நினைவுடன் இருப்பவரைச் சாய்ந்து உட்கார வைக்க வேண்டும். நினைவு தடுமாறுபவரின் முதுகு, தோள், தலை ஆகியவற்றின் கீழ்ப் போர்வைகளையும் தலையணைகளையும் படிப்படியாக அடுக்கி, பக்கவாட்டில் நின்று பார்த்தால் காதுத் துளையும் மார்பெலும்பின் மேல்முனையும் ஒரே கிடைமட்டக் கோட்டில் இருக்குமாறு உயர்த்த வேண்டும். தலைக்கு மட்டும் ஒரு தலையணை வைப்பது போதாது. அதனால் தாடை மார்பில் அழுந்தி மூச்சுப் பாதை மேலும் குறுகும். அறுவைக் கூடங்களில் இதற்கெனவே சரிவுப் பலகைகள் உண்டு. லயத்து வீட்டில் நான்கு கம்பளிகளும் ஒரு சாக்கு மூட்டையும் அதே வேலையைச் செய்யும். விபத்தில் முதுகெலும்பு அடிபட்டிருக்குமோ என்று ஐயுறும்போது முதுகை வளைக்காமல், படுக்கைப் பலகை முழுவதையும் தலைப்பக்கம் உயர்த்திக் கொள்ளலாம். கழுத்துப் பட்டை குட்டையான பருத்த கழுத்துக்குப் பொருந்தாவிடில் வலிந்து மாட்ட வேண்டா. இருபுறமும் சுருட்டிய துண்டுகளை வைத்துத் தலையை அசையாமல் நிறுத்துக.

பிராணவாயு கொடுப்பதில் ஒரு நுட்பம் உண்டு. பகலில் தூங்கி விழுவதும், உறக்கத்தில் உரத்த குறட்டையும், காலைத் தலைவலியும் நெடுநாளாக உள்ள பருத்த உடலினர் சிலர்க்கு, இரத்தத்தில் கரியமில வாயு எப்போதும் மிகுந்தே இருக்கும். இவர்களுக்கு அளவின்றிப் பிராணவாயு செலுத்தினால் கரியமில வாயு மேலும் ஏறி மயக்கம் முதிரலாம். இத்தகையோர்க்கு விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 88 முதல் 92 வரை காட்டும் அளவே குறிக்கோள். இதைப் படித்துவிட்டு, நீலம் பாரித்துக் கிடப்பவர்க்குப் பிராணவாயுவை மறுத்துவிடக் கூடாது, அது பெருந்தீங்கு. தூக்க மருந்துகளை மருத்துவர் சொல்லாமல் கொடுப்பதும் அத்தகையதே.

இருதயம் நின்றுவிட்டால் மார்பை அழுத்தும் முறை பருத்தவர்க்கும் இளைத்தவர்க்கும் ஒன்றே. மார்பின் நடுவில், நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, ஐந்து செண்டிமீட்டருக்குக் குறையாமலும் ஆறுக்கு மிகாமலும் அழுத்த வேண்டும். இவர்களுக்கு வேறு முறை தேவையில்லை என்பதை 2025 இல் வெளியான அமெரிக்க இருதயச் சங்கத்தின் நெறிமுறையும் உறுதி செய்கிறது. ஆனால் அழுத்துபவர் விரைவில் களைத்துப் போவார். இரண்டு நிமிடத்திற்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும் என்பது பொது விதி. இங்கே அதற்கு முன்பே மாறினாலும் தவறில்லை. தொண்டையில் உணவு அடைத்து, பின்புறம் நின்று வயிற்றைக் கட்டிப்பிடிக்கக் கை எட்டாதபோது, மார்பெலும்பின் நடுவில் கைவைத்து உள்நோக்கி அழுத்துக.

கைப்பட்டையும் ஊசியும்

இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் கைப்பட்டைக்குள் காற்றுப் பை ஒன்று உண்டு. அப்பையின் நீளம் மேற்கையின் சுற்றளவில் 80 சதவீதமும், அகலம் 40 சதவீதமும் இருத்தல் வேண்டும். வழக்கமான பெரியோர் பட்டை 27 முதல் 34 செண்டிமீட்டர் வரை சுற்றளவுள்ள கைக்கே பொருந்தும். 35 முதல் 44 வரை பெரிய பட்டையும், அதற்கு மேல் தொடைப் பட்டையும் வேண்டும். சிறிய பட்டையைப் பெரிய கையில் இறுக்கிப் பார்த்தால் அழுத்தம் உள்ளதைவிட மிகுதியாகக் காட்டும்.

சாதாரண நாளில் இதனால் விளைவது தேவையற்ற ஒரு மாத்திரை. அவசர வேளையில் விளைவது வேறு. ஜீப் கவிழ்ந்து வயிற்றுக்குள் இரத்தம் கசியும் ஒருவரின் மெய்யான அழுத்தம் 90 ஆக இருக்க, கருவி 110 என்று காட்டுமாயின், "அழுத்தம் நன்றாகத்தானே இருக்கிறது" என்று நாம் வாளா இருந்துவிடுவோம். பெரிய பட்டை கிட்டாத இடத்தில் முன்கையில் பட்டையைச் சுற்றி, அக்கையை இருதய மட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். முன்கையில் பார்த்ததைச் சீட்டில் குறித்தல் அவசியம். அவ்வெண்ணை மட்டும் நம்பாமல் நாடியின் வேகம், தோலின் குளிர்ச்சி, வியர்வை, நினைவின் தெளிவு ஆகியவற்றையும் கருதுக.

தசைக்குள் போடும் ஊசி தசையை அடைவதில்லை என்பது அடுத்த இடர்ப்பாடு. தேயிலை, ஏலத் தோட்டங்களில் மலைத்தேனீயும் குளவியும் கூட்டமாகக் கொட்டுவது புதிதன்று. கொட்டியபின் முகம் வீங்கி, மூச்சு இரைந்து, அழுத்தம் தாழுமாயின், உடனே தரவேண்டிய மருந்து அட்ரினலின். பெரியோர்க்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத்து நடுப்பகுதியில், தசைக்குள். கொழுப்பில் நின்றுவிட்ட மருந்து மெதுவாகவே இரத்தத்தில் கலக்கும். காலம் கடந்த பின் கலந்து பயனில்லை. இடுப்பின் பின்புறத்தில் கொழுப்பு மிகுதியாதலால் அவ்விடம் அறவே ஆகாது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் அங்குப் போடுவதில்லை. புஜத்தில் தடுப்பூசி போடுகையில், சுமார் 90 கிலோகிராமுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் 118 கிலோகிராமுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் 38 மில்லிமீட்டர் ஊசி வேண்டும் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் நெறிமுறை. துணைச் சுகாதார நிலையத்து அலமாரியில் இந்நீள ஊசிகள் ஒரு பெட்டியேனும் இருப்பது நலம்.

மருந்தின் அளவு

எடைக்கேற்ற மருந்து என்பது எல்லோரும் அறிந்த கொள்கை. ஆனால் எல்லா மருந்துக்கும் அது பொருந்துவதில்லை. பாம்புக்கடி நஞ்சு முறிப்பான் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பாம்பு தான் கடிப்பவரை நிறுத்துப் பார்த்து நஞ்சைச் செலுத்துவதில்லை. ஆதலின் குழந்தைக்கும் பெரியவர்க்கும், இளைத்தவர்க்கும் பருத்தவர்க்கும் தொடக்க அளவு ஒன்றே. 8 முதல் 10 குப்பிகள். மேலும் வேண்டுமா என்பதை நஞ்சின் அறிகுறிகளே தீர்மானிக்கும். நம் நாட்டு முறிப்பான் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கெனச் செய்யப்படுவது. ஏலக்காடுகளில் உலவும் குழிவிரியன் இனங்களுக்கு அதனை நம்ப இயலாது என்பதையும் இங்கே சொல்லிவைப்போம். பருத்த காலில் வீக்கம் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஆகவே தையல் நாடாவால் இரண்டு கால்களையும் ஒரே உயரத்தில் சுற்றி அளந்து, பேனாவால் அடையாளமிட்டு, மணியையும் எழுதி, அரைமணிக்கு ஒரு முறை மீண்டும் அளக்க வேண்டும்.

மாரடைப்பில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துகளில் ஸ்ட்ரெப்டோகினேஸ் எல்லோர்க்கும் 15 லட்சம் அலகு. டெனெக்டிப்ளேஸ் என்பதோ எடையைப் பார்த்துத் தரப்படுவது. 60 கிலோகிராமுக்குக் கீழ் 30 மில்லிகிராம் எனத் தொடங்கி, 90-ஐத் தொட்டவுடன் 50 மில்லிகிராமில் நின்றுவிடும். 95 கிலோகிராம் உடையவர்க்கும் 140 உடையவர்க்கும் அதே 50 தான். மயக்க மருந்துகள் சிலவற்றைக் கொழுப்பு நீங்கிய எடையைக் கணக்கிட்டுத் தருகின்றனர். இவற்றைக் களப்பணியாளர் கொடுக்கப்போவதில்லை; ஆனால் கொடுக்கும் மருத்துவர் முதலில் கேட்பது, "எடை எவ்வளவு?" என்பதே. பார்வையால் ஊகிப்பதைவிட நோயாளியே சொல்லும் எடை நம்பத்தக்கது என்று ஆய்வுகள் கூறுகின்றன. நினைவு தப்பியபின் அவரைக் கேட்க முடியாது. தேயிலைத் தோட்டத்தில் அன்றாடம் பறித்த கொழுந்தின் எடை தவறாமல் ஏட்டில் ஏறுகிறது. பறித்தவரின் எடை எந்த ஏட்டிலும் இராது!

பாலக்காட்டுச் சமவெளியில் வெப்ப அயர்ச்சியும் கருதத்தக்கது. 2016 ஏப்ரலிலும் 2024 ஏப்ரலிலும் அங்கு வெப்பநிலை 41 பாகையைக் கடந்தது. தோலடிக் கொழுப்பு வெப்பம் வெளியேறுவதைத் தடுப்பதால், பருத்த உடல் சூடேறினால் ஆறுவதற்கு நேரம் பிடிக்கும். நினைவு குழம்பியவரை நிழலில் கிடத்தி உடல் முழுவதும் நீரூற்றி விசிற வேண்டும். ஈரத்துணியை நெற்றியில் போடுவது மட்டும் போதாது.

டோலியும் வண்டியும்

மூணாற்றுக்கு வடக்கே காட்டினுள் உள்ள இடமலைக்குடி, 2010 இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைக்கப்பெற்றது. அங்கு வாழும் முதுவர் குடிகளிலிருந்து நோயாளிகளை மூங்கிலில் கம்பளி கட்டித் தோளில் சுமந்துவரும் வழக்கம் பலகாலம் செய்தித்தாள்களில் பேசப்பட்டது. சாலை எட்டாத குடியில் டோலியே ஆம்புலன்ஸ். அதைக் குறைகூறுவது நம் நோக்கமன்று; பருத்தவர்க்காகச் சிறிது மாற்றிக்கொள்ளலாம். துணித் தூளியில் உடல் வில்போல் வளைந்து, தாடை மார்பில் இடித்து, வயிறு மேலேறி நெருக்கும்; மூச்சுக்கு இதைவிடக் கேடான கிடக்கை வேறில்லை. உறுதியான மர நாற்காலியை இரு மூங்கில்களுக்கிடையே கட்டி, நோயாளியை அமர்த்தி, மார்பையும் இடுப்பையும் துண்டால் பிணைத்துச் சுமப்பது மேலானது. பிளாஸ்டிக் நாற்காலி கூடாது. நினைவற்றவராயின் உறுதியான பலகையில் தலையுயர்த்திக் கிடத்துக. ஏற்றத்தில் தலை முன்னாகவும், இறக்கத்தில் கால் முன்னாகவும் செல்ல வேண்டும். 110 கிலோகிராம் உடலை இருவர் சுமந்தால் ஒவ்வொருவர்க்கும் 55. அறுவர் சுமந்தால் 18 சொச்சம். வழுக்கும் பாதையில் மாற்றாட்களும் உடன் நடக்க வேண்டும். சுமப்பவர் ஒருவர் விழுந்தால் நோயாளிகள் இருவராகிவிடுவர்.

ஆம்புலன்ஸில் நோயாளியின் தலை பெரும்பாலும் ஓட்டுநர் பக்கம் இருக்கும். போடிமெட்டு மலைப்பாதையில் பதினேழு கொண்டையூசி வளைவுகளையும் வண்டி முன்சாய்ந்து இறங்குகையில், தட்டையாகக் கிடத்தியவரின் தலை காலைவிடத் தாழ்ந்துவிடும். மேட்டில் புறப்படும்போதே ஸ்ட்ரெச்சரின் முதுகுப் பகுதியை நன்கு உயர்த்திப் பூட்டிவிட வேண்டும். ஸ்ட்ரெச்சர் தாங்கும் எடை அதன் சட்டத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். அதனை முன்பே பார்த்து வைத்தல் ஓட்டுநர் கடமை.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 இலும், கேரளம் முழுவதும் 'கனிவு 108' என்ற பெயரில் 2019 இலும் தொடங்கின. எல்லையோரத்தில் கைப்பேசி அடுத்த மாநிலத்துக் கோபுரத்தைப் பற்றிக்கொண்டால், அழைப்பு அம்மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சேரக்கூடும். ஆகவே ஊரின் பெயரோடு மாவட்டம், மாநிலம் ஆகியவற்றையும் சொல்லி, நோயாளியின் எடை ஏறத்தாழ இவ்வளவு, தூக்க ஆறு பேர் வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும். சாலை விபத்தாயின், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எம்மாநிலத்தவராயினும், 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கும். செலவுக்கு அஞ்சி எல்லையைத் தாண்டித் திரும்ப வேண்டியதில்லை.

முன்கூட்டிச் செய்யக்கூடியவை

பருத்தவர் நெஞ்சுவலி என்று சொன்னால் "வாயுவாக இருக்கும்" என்பதும், மூச்சு வாங்குகிறது என்றால் "உடம்பைக் குறையுங்கள்" என்பதும் நம்மிடையே எளிதாக வரும் சொற்கள். ஒருமுறை இவ்வாறு நாணமுற்றவர் மறுமுறை வலி வந்தால் சொல்லமாட்டார். இரவெல்லாம் பொறுத்திருந்து விடியற்காலையில் சொல்வார். அதற்குள் இருதயத் தசை மடிந்திருக்கும். எடையைக் குறைக்கும் அறிவுரைக்கு வேறு நாள் உண்டு. தூக்கும்போது "அப்பா, என்ன கனம்!" என்று சொல்லாமலிருப்பதும் சிகிச்சையைச் சேர்ந்ததே.

பள்ளி ஆசிரியர்கள் இதில் பெரிதும் உதவலாம். மாணவரை நிறுக்கும் எடைப்பொறி பல பள்ளிகளில் இருக்கிறது. பெற்றோர் கூடும் நாளில் அதனைத் திரையிட்ட ஒரு மூலையில் வைத்து, விரும்புவோர் தாமே நின்று பார்த்துத் தம் எடையைச் சீட்டில் குறித்துச் செல்லுமாறு செய்யலாம். எண்ணை உரக்கப் படிக்கலாகாது. மேல்வகுப்பு மாணவர்க்கு, கம்பளிகளை அடுக்கிச் சரிவு அமைப்பதையும், நாற்காலியை மூங்கிலில் கட்டுவதையும், மார்பழுத்தத்தில் ஆள் மாறுவதையும் ஓர் உடற்பயிற்சி வேளையில் கற்பித்துவிடலாம். வீட்டுப் பாட்டியின் மேற்கைச் சுற்றளவை நாடாவால் அளந்து வரச் சொல்வதும் நல்ல கணக்குப் பாடமே. 34 செண்டிமீட்டரைக் கடந்த கைகள் ஊரில் எத்தனை என்று தெரிந்தால், சுகாதார நிலையம் பெரிய கைப்பட்டை கேட்டு எழுதுவதற்கு அதுவே ஆதாரமாகும்.

களப்பணியாளர் தம் ஏட்டில் வீடுதோறும் எடை, கைச் சுற்றளவு, உறக்கத்தில் மூச்சுத் தடை உண்டா, இன்சுலின் போடுகிறாரா ஆகிய நான்கையும் குறித்து வைக்கலாம். நோயாளியை அனுப்பும்போது இவற்றோடு நோய் தொடங்கிய மணி, எந்த அளவுப் பட்டையால் எக்கையில் அழுத்தம் பார்த்தது, கொடுத்த மருந்தும் மணியும் ஆகியவற்றை எழுதிய சீட்டு கூடவே செல்ல வேண்டும். மலையாளத்தில் எழுதிய சீட்டு தேனியிலும், தமிழில் எழுதியது கோட்டயத்திலும் இரவுப் பணியில் உள்ளவர்க்கு விளங்காமற் போகலாம். எண்களை எண்களாகவும் மருந்தின் பெயர்களை ஆங்கிலத்திலும் எழுதி, சீட்டை நோயாளியின் சட்டைப் பையில் வைக்காமல் உடன் செல்பவர் கையில் கொடுக்க.